டபுள் பெல் தராத கண்டக்டர்

சுகுமாரன் அண்ணன் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது, உதியன்குளங்கரையில் ஆள் ஏற்றுவதற்காக வண்டியை நிறுத்தியிருந்தேன். வண்டியில் இருக்கும்போது நான் போனை எடுப்பதில்லை. அண்ணனின் மனைவி சரளா அக்காவின் பெயரைத் திரையில் பார்த்ததும் எடுத்துவிட்டேன். "செல்வா, அண்ணன் போயாச்சு மக்கா" என்றாள். பின்னாலிருந்து புதிதாக வந்திருக்கும் கண்டக்டர் டபுள் பெல் அடித்தார். அடித்தால் எடுக்க வேண்டும், அதுதானே நம் பிழைப்பு. எடுத்தேன். நெய்யாற்றின்கரை வரை எப்படி ஓட்டினேன் என்று மட்டும் கேட்காதீர்கள்.

டிப்போத் தோழர்களே, அண்ணனைப் பற்றி நாலு வரி எழுதித் தா என்று கேட்டீர்கள். பாறசாலை - பூவார் தடத்தில் வெகு காலம் ஒரே வண்டியில் அவர் கண்டக்டர், நான் டிரைவர். எழுத வேண்டியவன் நான்தான். ஆனால் இதை நான் காரோடு ஊரில் என் வீட்டு மேசையில் வைத்து எழுதவில்லை. திருவனந்தபுரத்தில் ஒரு பல் மருத்துவமனையின் வராந்தாவில், இரும்பு பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். என் வலது கன்னத்தின் உட்புறத்தில் வெள்ளையாக ஒரு திட்டு இருக்கிறது. அதில் ஒரு துண்டு சதையை எடுத்துச் சோதிக்கப் போகிறார்கள். பெயரைக் கூப்பிடும்வரை கையும் காலும் ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்கின்றன. நாக்கோ அந்தத் திட்டையே போய்ப் போய்த் தொடுகிறது. அதனால் எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு முதன்முதலில் புகையிலை தந்தவர் அவர்தான். அதை மறைத்து எழுதினால் அவருக்கே பிடிக்காது. விடியற்காலை முதல் ட்ரிப்பில் என் தலை ஸ்டியரிங்கில் முட்டப் போனபோது முன்னால் வந்து, இடுப்பிலிருந்த, பாக்கும் புகையிலையும் கலந்த பொட்டலத்தைப் பிரித்தார். "எலே, ஒரு நுள்ளு போயில கன்னத்துல ஒதுக்கி வை. ஒறக்கம் பறந்துரும். டிரைவருக்க ஒறக்கம் கண்டக்டருக்க பொறுப்பாக்கும்" என்றார். அன்பாகத்தான் தந்தார். கேரள - தமிழ்நாடு எல்லைக்கு இந்தப் பக்கமும் அதற்குத் தடை, அந்தப் பக்கமும் தடை, இரண்டு பக்கமும் கிடைக்கிறது. பிறகு அது இல்லாமல் எனக்கு கியர் விழாது என்றாகிவிட்டது.

அவருடைய விசிலை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இரண்டு விரலை வாயில் வைத்து ஊதினால் அமரவிளைப் பாலத்தின் அந்தக் கரையில் நிற்கும் ஆட்டோவும் ஒதுங்கும். ஒரு நாள் பூவார் ஸ்டாண்டில் ஊதினார், வெறும் காற்றுதான் வந்தது. மறுபடி ஊதினார், அதேதான். "பல்லு ஆடுதுடே, அதாக்கும்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அதன்பின் சாப்பாட்டில் மீன்குழம்பு எரிகிறது என்று கடைக்காரரிடம் சண்டை பிடிக்க ஆரம்பித்தார். அதே குழம்பைத்தான் நாங்கள் எல்லோரும் சாப்பிட்டோம், யாருக்கும் எரியவில்லை. டீக்கடைப் பழம்பொரியைக்கூடப் பிய்த்துப் பிய்த்து வாய்க்குள் தள்ளினார். கன்னம் பலகைபோல் இறுகிக்கொண்டு வந்தது. பக்கத்தில் இருந்து பார்த்த எங்களுக்கு உறைக்கவே இல்லை.

பல்லைப் பிடுங்கப் போன இடத்தில்தான் டாக்டர் சொன்னாராம்: மூன்று விரலை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி வாய்க்குள் விட்டுக் காட்டுங்கள். நல்ல வாயென்றால் மூன்றும் போகுமாம்; அண்ணனுக்கு ஒரு விரலுக்கு மேல் போகவில்லை. பாக்கும் புகையிலையும் சேர்ந்து வாயை உள்ளிருந்தே இறுக்கிவிட்டன என்றும், நாக்கின் ஓரத்தில் ஆறாத புண் ஒன்று இருக்கிறது என்றும் சொல்லிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். மறுநாள் அமரவிளைப் பாலத்தில் வண்டி போகும்போது பொட்டலத்தை ஜன்னல் வழியாக நெய்யாற்றில் வீசினார். "உனக்கதையும் எடுலே" என்று கையை நீட்டினார். நான் ஒன்றைக் கொடுத்தேன். டூல் பாக்ஸில் இன்னொன்று இருந்தது அவருக்கும் தெரியும்.

அன்றிலிருந்து ஆரம்பித்ததுதான் அந்தக் கூத்து. சிகிச்சைக்கு நடுவிலும் டியூட்டிக்கு வருவார். பாறசாலையில் ஆள் ஏறியாகிவிட்டது, நேரமாகிவிட்டது, நான் வண்டியை உறுமவிட்டுக் காத்திருக்கிறேன். பெல் வராது. கண்ணாடியில் பார்த்தால் கயிற்றைப் பிடித்தபடி மூன்று விரலைக் காட்டிக்கொண்டு நிற்பார். நான் விரலை அடுக்கி வாய்க்குள் விட்டுக் காட்டினால்தான் டபுள் பெல். சுண்டு விரலைச் சேர்த்துக் கள்ளத்தனம் பண்ணிப் பார்த்தேன், நடக்கவில்லை. "சேட்டா, வண்டி எடுக்குன்னில்லே?" என்று பயணிகள் கத்துவார்கள். "டிரைவருக்க வாய் தொறந்தாத்தான் வண்டி நீங்கும்" என்பார். மானம் போனது. அவரை வாய்க்கு வந்தபடி திட்டியும் இருக்கிறேன்.

இதைப் பார்த்துப் பயணிகளும் சிரித்துக்கொண்டே தங்கள் வாயில் விரலை விட்டுப் பார்ப்பார்கள். கொல்லயிலில் ஏறும் ஒரு கொத்தனாருக்கு இரண்டு விரலோடு நின்றுவிட்டது. அவருடைய சிரிப்பும் அங்கேயே நின்றது. அண்ணன் டிக்கெட்டைக் கையில் கொடுத்து, "நாளைக்கு இந்த வண்டில வராத மக்கா, ஆஸ்பத்திரிக்குப் போற வண்டில கேறு" என்றார். அந்தக் கொத்தனார் போனாரா என்று எனக்குத் தெரியாது. போயிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

ஆபரேஷன் செய்து கீழ்த்தாடையில் பாதியையும் நாக்கையும் எடுத்த பிறகு அண்ணனுக்குப் பேச்சு இல்லை. "கேறிக்கோ கேறிக்கோ, ஏறுங்க மக்கா, சீட்டு உண்டு" என்று இரண்டு பாஷையில் ஊரைக் கூட்டிய மனிதர், கட்டில் கம்பியை விரல் முட்டியால் தட்டிப் பேசினார். ஒரு தட்டு என்றால் நிறுத்து, வேண்டாம். இரண்டு தட்டு என்றால் சரி, போகலாம். நர்சுகள்கூடப் படித்துக்கொண்டார்கள். கடைசியாகப் பார்க்கப் போன அன்று, "வாறேன் அண்ணே" என்று எழுந்தேன். ஒரு தட்டு. நின்றேன். மூன்று விரலைக் காட்டினார். வேறு வழியில்லாமல் வாயில் விட்டேன். மூன்றாவது விரல் பல்லில் இடித்தது. அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு இரண்டு தட்டு தட்டினார், பலமாக. எங்கே போகச் சொல்கிறார் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. நான் வீட்டுக்குத்தான் போனேன்.

சாவு வீட்டில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொண்டாலும் சரி. கொல்லயிலில் அவர் வீட்டு முற்றத்தில் பந்தலுக்குக் கீழே வெற்றிலைத் தட்டம். வெற்றிலை, பாக்கு, புகையிலை எல்லாம் நிறைத்து யாரோ சொந்தக்காரர் வைத்திருந்தார். "மரிச்ச வீட்டுல இது இல்லாம எப்படிடே?" என்றார். வாய் அழுகிச் செத்த மனிதனின் வாசலில்! நம் டிப்போ ஆட்களான நீங்களும் மாலையைப் போட்டுவிட்டு வந்து, எடுத்து மென்று, வாழைமூட்டில் துப்பினீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தட்டத்தைத் தூக்கி எறியத்தான் போனேன். சத்தியமாக எறியத்தான். பக்கத்தில் போனதும் அந்த வாசம் மூக்கில் ஏறியது, கை புகையிலையில் போய் நின்றது.

டங் என்று ஒரு சத்தம். சரளா அக்கா எனக்கு எதிரே நின்றிருந்தாள். பித்தளைத் தட்டத்தின் விளிம்பில் விரல் முட்டியால் தட்டியிருக்கிறாள். ஒரே ஒரு தட்டு. தட்டத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். லீவு எழுதிக் கொடுத்துவிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருப்பது அதனால்தான்.

பயமாக இருக்கிறது. ஒளித்து என்ன செய்ய? சட்டைப்பை காலியாக இருக்கிறது, ஆனாலும் விரல் அங்கேதான் போகிறது. இன்றைக்கே முடிவு தெரியாது என்கிறார்கள். முடிவு எதுவானாலும் சரி, டூல் பாக்ஸில் ஒளித்து வைத்திருந்ததையும் எறிந்துவிட்டேன். நீங்களும் ஆளுக்கு மூன்று விரலை வாயில் விட்டுப் பாருங்கள். இடித்தால் அடுத்த வண்டி பிடித்து இங்கே வாருங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

அண்ணனின் கண்டக்டர் பையை ஞாபகமாக வைத்துக்கொள்ளச் சொல்லி சரளா அக்கா நீட்டினாள். வேண்டாம் என்றேன். அவருடையதாக என்னிடம், கட்டில் கம்பியில் தட்டிய அந்த இரண்டு தட்டு இருக்கிறது. அன்று அதைக் கேட்டும் வண்டியை எடுக்காமல் நின்றேன். உள்ளே என் பெயரைக் கூப்பிடுகிறார்கள். பெஞ்சின் இரும்புக் கையை விரல் முட்டியால் இரண்டு முறை தட்டிவிட்டு எழுந்திருக்கிறேன், வாயைத் திறந்து காட்ட.