ஒரு வாக்கால் போன நீதிபதி

லண்டனில் மிச்சம் என்னும் பகுதியில் உள்ள எங்கள் ஊர்ச் சங்கத்தில் ஓர் இணக்கக் குழு உண்டு. ஆட்களுக்குள் பிணக்கு வந்தால், கோர்ட்டுக்குப் போகாமல் அங்கே தீர்த்துக்கொள்ளலாம். பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற நான் அதில் ஒன்பது வருடம் நீதிபதியாக இருந்தேன். இரு தரப்பையும் கோயிலுக்குக் கூட்டிப்போய், எரியும் கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்யச் சொல்வேன். தயங்குகிறவர்தான் குற்றவாளி. மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்.

போன வருடம் ஒரு சொலிசிட்டர் பெண், இனிமேல் சட்டம் படித்தவர்களே குழுவில் இருக்கவேண்டும் என்று பிரேரணை கொண்டுவந்தார். என்னைக் கிளப்பத்தான் இந்த ஏற்பாடு என்பது எனக்கு உடனே விளங்கிவிட்டது. இந்த நாட்டு மாஜிஸ்திரேட்டுகளில் எத்தனை பேர் சட்டம் படித்தவர்கள் என்று எழுந்து கேட்டேன். அவர்களுக்குப் பயிற்சி உண்டு, சட்டம் தெரிந்த ஒருவர் கூடவே இருந்து வழிகாட்டுவார், கற்பூரம் மட்டும் கிடையாது என்று அவர் அமைதியாகப் பதில் சொன்னார். சபை சிரித்தது. யார் யார் சிரித்தார்கள் என்று நான் பார்த்து வைத்துக்கொண்டேன்.

இரகசிய வாக்கெடுப்பு. ஒரே ஒரு வாக்கால் பிரேரணை வென்றது, என் பதவி போனது.

யாரோ என் முகத்துக்கு முன் ஒன்று சொல்லிவிட்டு, சீட்டில் வேறொன்றைக் கீறியிருக்கிறார்கள். அன்று முதல் எனக்குச் சோறு இறங்கவில்லை. உறுப்பினர் பட்டியலை எடுத்துவைத்து, எங்கள் வீட்டுப் பெயர் இரண்டையும் தாண்டி, ஒவ்வொரு பெயராக விசாரித்தேன். மனைவி விடுங்கோ, விடுங்கோ என்றாள். நான் விடவில்லை. கடைசியில் என் சிநேகிதன் ஒருவன்தான் மிஞ்சினான். முப்பது வருடம் என்னோடு ஒரே டிப்போவில் வேலை செய்தவன். முடிவு அறிவித்ததும் என் முகத்தைப் பார்க்காமல் கோட்டை மாட்டிக்கொண்டு போனவனும் அவன்தான்.

வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் அவனை மறித்தேன். "நீ எனக்குத்தான் வாக்குப் போட்டது உண்மையெண்டால் கற்பூரத்தைக் கையால நூர், பாப்பம்" என்றேன். பொத்திய கையோடு போய்விடுவான் என்றுதான் நினைத்தேன். அவனோ நெருப்பின்மேல் உள்ளங்கையை அழுத்தி, அணைந்த பிறகும் எடுக்காமல் நின்றான். கை பொங்கியதைப் பார்த்தும், ஆள் நடிக்கிறானோ என்று ஒரு கணம் யோசித்தேன்.

வீட்டுக்கு வந்து இதை மனைவிக்குச் சொன்னேன். அவள் அடுப்பை நிறுத்திவிட்டு வந்து எனக்கு முன்னால் இருந்தாள்.

"அந்தாளின்ர கையை ஏன் சுட்டனீங்கள்? சீட்டில உங்களுக்கு எதிராப் புள்ளடி போட்டது நான்."

ஏன் என்று கேட்டேன். மேல்வீட்டிலிருந்து தண்ணீர் ஒழுகிய வழக்கை அவள் ஞாபகப்படுத்தினாள். மேல்வீட்டுப் பெண் கற்பூரத்தைக் கண்டு நடுங்கினாள், பைப்பைத் திறந்து விட்டது அவள்தான் என்று தீர்ப்புச் சொன்னேன். சுவருக்குள் பைப் வெடித்திருந்தது என்று பிறகு தெரிந்தது. அப்போதும் நான் அவளிடம் போகவில்லை.

"பயந்த சனமெல்லாம் கள்ளரோ? நெருப்பெண்டால் எனக்கும் பயம்தான்" என்றாள்.

அடுத்த நாள் காலையிலேயே சிநேகிதன் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவனின் கையில் கட்டு. பிழை என்னுடையது, எதிராகப் போட்டது என் மனைவிதான் என்று ஒருவாறு சொல்லி முடித்தேன்.

"எனக்கு அண்டைக்கே தெரியும். அவ புள்ளடி போடேக்க பக்கத்தில நிண்டனான்" என்றான்.

பிறகு ஏன் சொல்லவில்லை, கையை ஏன் சுட்டுக்கொண்டாய் என்று கேட்டேன்.

"சொல்லியிருந்தால் நீ அவவையெல்லோ கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போயிருப்பாய்."