ஜாயிண்ட் இல்லாத கூரை

எங்கள் கல்லூரி ஜெபக்கூடமான சேப்பலின் வரலாற்றை எழுதும் வேலை என் தலையில் விழுந்ததற்கு ஒரே காரணம், நான் லைப்ரரியில் இருக்கிறேன் என்பதுதான். லைப்ரரியில் உட்கார்ந்திருப்பவளுக்கு வேறு வேலை இல்லை என்று இங்கே எல்லோருக்கும் ஒரு நினைப்பு. நாற்பதாம் ஆண்டு மலர் போடுகிறோம், நாலு பக்கம் எழுதிக் கொடுங்கள் மேடம், பழைய குறிப்பு நோட்டெல்லாம் உங்கள் பீரோவில்தானே இருக்கிறது என்றார் முதல்வர். அவரும் ஒரு ஃபாதர். வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. அந்தக் கட்டடத்துக்கும் எனக்கும் என்ன உறவு என்று அவருக்குத் தெரியாது.

உறவு இதுதான். சேப்பல் கூரைக்குக் கான்கிரீட் போட்ட அன்று என் அப்பா சாரத்திலிருந்து விழுந்து செத்துப்போனார். எனக்கு அப்போது ஒன்றரை வயது. அங்கேயே புங்கமரத்தில் கட்டியிருந்த தூளியில் தூங்கிக்கொண்டிருந்தேனாம். அம்மாவும் அதே இடத்தில் சித்தாள் வேலை செய்துகொண்டிருந்தாள். வானூர்ப் பக்கத்து ஊர்களிலிருந்து லாரியில் ஏற்றி வந்த ஆட்களில் எங்கள் வீட்டார் மூன்று பேர், தூளியில் கிடந்த என்னையும் சேர்த்து.

அந்தக் காலத்தில் கான்கிரீட்டை ஆட்கள்தான் கைமாற்றி மேலே ஏற்றுவார்கள். கீழே மெஷின் கலவையைக் கொட்டும். அங்கிருந்து சாரத்துப் பலகைகளின் மேல் படிப்படியாகப் பெண்கள் நிற்பார்கள். கலவை நிறைந்த இரும்புச் சட்டி, பாண்டு என்பார்கள், கைக்குக் கை மேலே போகும். காலிப் பாண்டு இன்னொரு பக்கமாகக் கீழே வரும். அப்பா கூரை விளிம்பில் நின்று கடைசிக் கையிலிருந்து வாங்கிக் கொட்டுகிறவர்.

அம்மா எனக்குச் சொல்லி வளர்த்த கதை ஒன்று உண்டு. "காலையில ஃபாதரு வந்து ஜெபம் பண்ணிட்டு அங்கயே நின்னுக்கினு இருந்தாரா, மேஸ்திரிக்கு வெக்கமா பூட்டுது. எலுமிச்சம்பழம் அறுக்காமயே வேலைய ஆரம்பிச்சிட்டாரு. அந்தப் பழம் அவரு பாக்கெட்லயே கெடந்துது. மத்தியானம் உங்கப்பா உழுந்தாரு. உழுந்த ஒடனே மெஷின நிறுத்திட்டாங்க. அத்தினி பொம்பளைங்களும் பாண்ட கீழ வெச்சிட்டாங்க. என் கையில இருந்தத யாரோ வாங்கி வெச்சாங்க. மறுநாளு கூட யாரும் வேலைக்கு வர்ல." இதைச் சொல்லும்போதெல்லாம் ஒரு வார்த்தைகூட மாறாது.

அந்தக் கதைதான் என்னை அந்தக் கல்லூரிக்குள் நடக்க வைத்தது. பிள்ளையை நாங்கள் படிக்க வைக்கிறோம் என்று அப்போதிருந்த ஃபாதர் அம்மாவிடம் சொன்னார், சொன்னபடி செய்தார். நான் அங்கேயே படித்தேன், அங்கேயே லைப்ரரியில் சேர்ந்தேன். மாதம் முதல் வெள்ளிக்கிழமை எல்லா ஊழியர்களும் சேப்பலில் உட்கார வேண்டும். அப்பன் செத்த இடத்தில் போய் எப்படி உட்கார்கிறாய் என்று சொந்தக்காரர்கள் கேட்டிருக்கிறார்கள். ஒரு கூலிக்காரனுக்காக அன்றைக்கு எல்லாரும் கை வேலையைக் கீழே வைத்தார்கள், அதனால் உட்கார்கிறேன் என்று சொல்வேன். பெருமையாகவே சொல்வேன். அம்மா மட்டும் ஒரு நாளும் அந்தப் பக்கம் வந்ததில்லை. என் பட்டமளிப்பு அன்றுகூடக் கல்லூரி கேட்டுக்கு வெளியே டீக்கடையில் உட்கார்ந்திருந்தாள்.

ஆகவே முதல்வர் கேட்டபோது நான் சந்தோஷமாகத்தான் ஒத்துக்கொண்டேன். அப்பாவின் பேர் அந்தக் கட்டடத்தில் எங்கேயும் கிடையாது. வாசல் கல்வெட்டில் நன்கொடை கொடுத்தவர்கள், ஆயர், கான்ட்ராக்டர் எல்லோரும் இருக்கிறார்கள். மலரிலாவது ஒரு பாரா எழுதிவிட வேண்டும் என்று நினைத்தேன். முதலில் எழுதியதே அந்தப் பாராதான். 'அன்று மதியம் ஒரு தொழிலாளி சாரத்திலிருந்து விழுந்து இறந்தார். உடனே எல்லோரும் வேலையை நிறுத்தினார்கள். அவர் மனைவியின் கையிலிருந்த பாண்டை வாங்கிக் கீழே வைத்தார்கள். மறுநாளும் வேலை நடக்கவில்லை.' மேலே அப்பாவின் முழுப்பேரும் ஊரும். எழுதிவிட்டு லைப்ரரி கவுண்டரில் உட்கார்ந்தபடியே அழுதேன், புத்தகம் எடுக்க வந்த பிள்ளைகள் பார்க்கிறார்களே என்றுகூடத் தோன்றவில்லை.

அதற்கப்புறம்தான் பீரோவைத் திறந்து பழைய ஃபாதரின் குறிப்பு நோட்டை எடுத்தேன். அந்தத் தேதியில் நாலே வரி. காலை ஜெபத்துடன் தொடங்கி இருட்டுவதற்குள் கூரை முழுவதும் நிற்காமல் போடப்பட்டது. இறைவனுக்கு நன்றி. ஒரு வேலையாள் தவறி விழுந்தார். ஆன்ம சாந்திக்கு ஜெபித்தோம்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. என்ன பொய் இது! நேராக முதல்வர் அறைக்குப் போய் நோட்டை மேஜைமேல் போட்டேன். அந்த வேலையாள் என் அப்பா, இந்த ஃபாதர் எழுதியிருப்பது பொய், அன்று வேலை நின்றது என்று சத்தமாகவே சொன்னேன். பாவம், அந்த மனுஷன் எழுந்தே நின்றுவிட்டார். "எனக்கு இது தெரியாதும்மா. நீங்க எழுதினது உண்மைன்னா அப்படியே போடலாம். ஒரு வார்த்தைகூட வெட்டமாட்டேன்" என்றார். சண்டைக்குப் போனவளுக்குச் சண்டை கிடைக்கவில்லை. "உண்மைதான் ஃபாதர்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

அந்த வாரம் விழாவுக்காகச் சேப்பலுக்குப் பெயிண்ட் அடிக்கும் வேலை ஆரம்பமானது. அதற்கு முன்னால் கூரையைச் சோதித்துப் பார்க்க விழுப்புரத்திலிருந்து ஒரு இன்ஜினியர் வந்தார். உள்ளே சாரம் கட்டி, சின்னச் சுத்தியலால் கூரையின் அடிப்பக்கத்தை அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டே போனார். நான் சேப்பலின் பழைய வரைபடத்தைக் கொடுக்கப் போனவள், அப்படியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இறங்கி வந்து கையைத் தட்டிக்கொண்டு அவர் சொன்னார்: "சூப்பரா போட்டிருக்காங்க மேடம். நாப்பது வருஷம் ஆச்சு, ஒரு சொட்டு ஒழுகினது இல்லையாம். ஒழுகாது. ஜாயிண்டே இல்ல."

ஜாயிண்ட் என்றால் என்ன என்று கேட்டேன். அவர் பொறுமையாகவே சொன்னார். கான்கிரீட் போட ஆரம்பித்தால் நிறுத்தக்கூடாது. நடுவில் நிறுத்தினால் போட்டது இறுகிவிடும். அப்புறம் போடுவது அதோடு ஒட்டாது. ஒட்டாத இடத்தில் ஒரு கோடு விழும். பெயிண்ட் அடித்தாலும் மறையாது, மழைக்கு அந்தக் கோட்டில்தான் தண்ணீர் இறங்கும்.

"அரை நாள் நிறுத்தியிருந்தா?"

"சுவத்துக்குச் சுவர் கோடு தெரியும் மேடம்."

"இதுல நிறுத்தியிருக்காங்க சார். நல்லா பாருங்க."

அவர் சிரித்தார். "இல்ல மேடம். இது ஒரே மூச்சுல போட்டது."

"நீங்க என்ன அப்ப இங்க இருந்தீங்களா? ஒரு ஆள் செத்திருக்காரு, மறுநாள்கூட வேலை நடக்கல. மறுபடியும் ஏறிப் பாருங்க." என் குரல் சேப்பல் முழுக்கக் கேட்டது. பெயிண்டர்கள் வேலையை விட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். இன்ஜினியர் வயசில் சின்னவர், மறுபடி ஏறினார். பெரிய டார்ச்சை அடித்து இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை காட்டினார். நானும் செருப்பைக் கழற்றிவிட்டுச் சாரத்தில் ஏறினேன். கூரை கைக்கெட்டும் உயரத்தில் இருந்தது. தடவிப் பார்த்தேன். கோடு எங்கேயும் இல்லை.

பஸ்ஸில் கிளியனூர் தாண்டும்வரை எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அதற்கப்புறம் கோபம் வந்தது. அப்பா விழுந்த பிறகும் பாண்டு போய்க்கொண்டிருந்திருக்கிறது. ஒருத்தியும் கீழே வைக்கவில்லை. அந்த வரிசையில்தானே அம்மாவும் நின்றாள்?

வீட்டுக்குப் போனபோது அம்மா முறத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, உரித்துக்கொண்டிருந்தாள். சிமெண்ட் தின்ற விரல்கள் அவளுக்கு, நகமே சரியாக வளராது. பையைக்கூடக் கீழே வைக்காமல் கேட்டேன். "அன்னைக்கு வேலைய நிறுத்தினாங்களா இல்லையா?"

"நிறுத்தினாங்கன்னு எத்தினி தபா சொல்றது?"

"கூரையில ஜாயிண்ட் இல்லம்மா. நான் கையால தடவிப் பாத்துட்டு வர்றேன்."

நாற்பது வருடம் கட்டட வேலை பார்த்தவளுக்கு அதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. கையிலிருந்த மல்லாட்டையை உரித்து முடித்தாள். பருப்பைக் கிண்ணத்தில் போட்டாள். அப்புறம் பேசினாள்.

"உழுந்த சத்தம் கேட்டுதுடி. யாருன்னு தெரியல. மேஸ்திரி ஏறி வந்தாரு. 'ஒண்ணும் இல்லம்மா, ஒன் ஊட்டுக்காரருக்கு லேசா அடி, ஃபாதரு ஜீப்புல திண்டிவனம் ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு பூட்டாங்க. நீ வரிசைய உட்டுடாத, ஒரு ஆளு நின்னா மொத்தமும் நின்னுடும், கூர வீணா பூடும், ஜல்தி ஜல்தி'ன்னாரு. சரின்னுட்டேன்."

"அப்ப உனக்குத் தெரியாது, இல்ல?" என்றேன். எனக்கு மூச்சு கொஞ்சம் திரும்பியது. ஏமாற்றியிருக்கிறார்கள், அவ்வளவுதான், அவள் என்ன செய்வாள்?

அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. "நான் நின்ன பலகையில இருந்து எல்லாம் தெரியும். ஒன் தூளி தெரியும். அந்தப் புங்கமரத்துக்குக் கீழதான் ஜீப்பு நின்னுக்கினு இருந்துது. எங்கயும் போவல. சிமெண்ட் மூட்ட போடற கொட்டாய் வாசல்ல, எப்பவும் இல்லாம, ரெண்டு பேரு காவலுக்கு நின்னுக்கினு இருந்தாங்க. அதையும் பாத்தேன்."

"பாத்துட்டு?"

"பாத்துக்கினேதான் வாங்கிக் குடுத்தேன். பாண்டு வந்துக்கினே இருந்துது. வந்தா வாங்கித்தானே ஆவணும்? வாங்கிக் குடுக்கறவரைக்கும் அவரு ஆஸ்பத்திரியில இருக்காரு. நிறுத்திட்டா செத்துட்டாருன்னு ஆயிடும். அப்பிடித்தான் இருந்துது எனக்கு. பொழுது சாயறவரைக்கும் குடுத்தேன். கடைசிப் பாண்டு போனப்புறம்தான் மேஸ்திரி என்னைக் கொட்டாய்க்கு இட்டுக்கினு போனாரு. அவர சாக்கு போட்டு மூடியிருந்தாங்க."

நான் கத்தினேன். இப்போது எழுதக் கூசுகிறது, ஆனாலும் கத்தினேன். நீயெல்லாம் ஒரு பொண்டாட்டியா என்று கேட்டேன். இத்தனை வருடம் பொய்யைச் சொல்லி அந்தக் கூரைக்குக் கீழே என்னை உட்கார வைத்தாயே என்று கேட்டேன். நான் ஓய்ந்தபிறகு, "வேற என்னான்னு சொல்லி ஒன்ன அந்தக் காலேஜிக்கு அனுப்பறது?" என்றாள்.

அன்றிரவு யாரும் சாப்பிடவில்லை. காலையில் நான் கிளம்பும்போது வாசல்வரை வந்தாள். "புக்குல எழுதறியாமே, ஒங்க காலேஜில படிக்கிற பக்கத்து ஊட்டுப் பொண்ணு சொல்லுச்சி. அவரப் பத்தி எழுதாதடி."

"ஏம்மா? அவர் பேரு வரணும்னுதானே எழுதறேன்."

"பேரு வந்தா, அப்ப பொண்டாட்டி எங்க இருந்தான்னு கேப்பாங்க இல்ல?"

அன்று முழுக்க அந்தப் பாராவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேலை நின்றது என்று எழுத முடியாது, முதல்வரிடம் உண்மை என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். வேலை நிற்கவில்லை, ஒருவர் செத்துக் கிடக்கும்போதே கூரை போட்டார்கள் என்று எழுதலாம். அதுதான் உண்மை. எழுதினால் கான்ட்ராக்டர், மேஸ்திரி, பழைய ஃபாதர் எல்லோருடைய முகத்திலும் கரி பூசலாம். ஆனால் அவர்களில் ஒருவரும் உயிரோடு இல்லை. அந்த வரிசையில் நின்றவர்களில் எனக்குத் தெரிந்து மிச்சம் இருப்பது அம்மா ஒருத்திதான்.

பாராவை அழித்தேன். பேரையும் அழித்தேன். நோட்டில் இருந்த முதல் வரியை மட்டும் எடுத்துப் போட்டேன். மலரின் ப்ரூஃபைப் பார்த்துவிட்டு முதல்வரே லைப்ரரிக்கு வந்தார். "உங்க அப்பா பத்தி எழுதினதைக் காணோமே மேடம்? நான் போடறேன்னுதானே சொன்னேன்?" உறுதியாகத் தெரியவில்லை ஃபாதர், விசாரித்ததில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள் என்றேன். அவர் ப்ரூஃபை மடித்து எடுத்துக்கொண்டு போனார். நல்ல மனுஷர். நல்லவர்களிடம் பொய் சொல்வதுதான் பேஜாரு.

விழாவில் ஆயர் பேசினார். நான் எழுதியதிலிருந்தே எடுத்து, இந்தக் கூரை ஒரே நாளில் நிற்காமல் போடப்பட்டது என்று படித்தார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் பின்வரிசையில் இருந்தேன். பக்கத்தில் இருப்பவர்கள் பார்த்தார்கள் என்று நானும் தட்டினேன்.

சாயங்காலம் மலரை வீட்டுக்குக் கொண்டு போனேன். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. அட்டையில் இருந்த சேப்பல் படத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். "அந்த நாளப் பத்தி இன்னா எழுதிக்கீற? படி" என்றாள்.

பக்கத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு, அதில் இல்லாததைப் படித்தேன். அன்று மதியம் ஒரு தொழிலாளி சாரத்திலிருந்து விழுந்து இறந்தார். உடனே எல்லோரும் வேலையை நிறுத்தினார்கள். அவர் மனைவியின் கையிலிருந்த பாண்டை வாங்கிக் கீழே வைத்தார்கள். மறுநாளும் வேலை நடக்கவில்லை. அழித்துப்போட்ட பாராதான், எனக்கு மனப்பாடம். ஒரு வார்த்தைகூட மாறவில்லை.

"இன்னொரு தபா படி."

படித்தேன்.

"ஜீப்பப் பத்தி போடலயே?"

"போடலம்மா."

"சரி" என்றாள். புத்தகத்தை வாங்கி முந்தானையால் அட்டையைத் துடைத்தாள். அப்புறம், எந்த வரியைப் படித்தாய், காட்டு என்றாள். நிற்காமல் போடப்பட்டது என்று இருந்த வரியின் மேல் அவள் விரலை எடுத்து வைத்தேன்.