கரித்துணியில் ஏறிய ஓட்டு

அடுப்பிலிருந்து சட்டி இறக்கும் துணியை எங்கள் வீட்டில் கரித்துணி என்போம். கிழிந்த பாவாடை, நைந்த வேட்டி, எது கிடைத்தாலும் அதற்குப் போதும். குயிலாப்பாளையத்தில் நான் வேலை செய்யும் தையல் யூனிட்டில் அதையே புதுத்துணியில் தைத்து, ஓரம் மடித்து, தொங்கவிட ஒரு காதும் வைத்து, பெட்டியில் போட்டு வெளிநாட்டுக்கு அனுப்புகிறோம். முதல் தடவை பார்த்தபோது எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. சிலர் அதை அழுக்காக்க மனசில்லாமல் சுவரில் மாட்டி வைத்துவிடுவார்களாம்.

அந்த வருஷம் வந்த ஆர்டர் இன்னும் விசேஷம். ஏப்ரன், கை துடைக்கும் துண்டு, கரித்துணி எல்லாவற்றிலும் ஊதா, வெள்ளை, பச்சை மூன்றே நிறம்தான். நீளப் பாவாடையும் தொப்பியும் போட்ட பெண்கள் கொடி பிடித்துப் போகிற மாதிரி படம், சிலவற்றில் ஜெயில் கதவு. யூனிட்டை நடத்தும் அம்மா எங்களை உட்கார வைத்து விளக்கினார். அந்தக் காலத்தில் ஆர்டர் கொடுத்தவர்கள் நாட்டில் பெண்களுக்கு ஓட்டு கிடையாதாம். கேட்டவர்களை ஜெயிலில் போட்டார்களாம். உள்ளே சாப்பிட மாட்டோம் என்று அடம் பிடித்தவர்களுக்கு மூக்கில் குழாய் விட்டு ஊற்றினார்களாம். கேட்டபோது எனக்குக் கோபம் வந்தது. அவ்வளவு பாடுபட்டவர்களைக் கொண்டுபோய்க் கடைசியில் சட்டி பிடிக்கிற துணியிலா ஏற்றுவது?

"அதுல இன்னாடி தப்பு?" என்றாள் பக்கத்து மிஷின் அக்கா. "நம்ம கைல தெனம் இருக்கறது அதானே. வேற எங்க போட்டா நாம பாக்கப் போறோம்?"

அக்காவுக்கு எங்கள் ஊர்தான், எங்கள் தெருதான். மரக்காணம் பக்கத்தில் உப்பளத்தை ஒட்டிய ஊர். இருவரும் ஒரே பஸ்ஸில் காலையில் போய்ச் சாயங்காலம் திரும்புவோம். தையலுக்கு வருமுன் அவள் பல வருஷம் உப்பு வாரியவள். உப்பளத்தில் பெண்கள் ஒதுங்க ஒரு மறைவு கிடையாது. கண்ணுக்கு எட்டிய மட்டும் பாத்தியும் வரப்பும்தான். அதனால் வேலைக்குப் போகிற பெண்கள் அந்த வெயிலிலும் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். அப்படி அடக்கி அடக்கித்தான் அக்கா ஒருநாள் ஆஸ்பத்திரியில் போய் விழுந்தாள். உப்பளத்துப் பாதையில் பெண்களுக்கு ஒரு கக்கூஸ் கட்ட வேண்டும், அவள் வாயில் எப்போதும் இந்த ஒரே பேச்சுதான்.

உள்ளாட்சித் தேர்தல் வந்தது. எங்கள் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள். அக்கா யாரையும் கேட்கவில்லை. நேரே போய் மனு போட்டாள். முன்மொழிய ஒரு ஓட்டர் வேண்டும் என்றார்கள். என்னைக் கூட்டிப்போய்க் கையெழுத்துப் போட வைத்துவிட்டாள்.

"பொம்பள வார்டுன்னா பொம்பளதான நிக்கணும். இதுல யாரப் போய்க் கேக்கறது?" என்றாள். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. இரண்டு பேரும் அவ்வளவு வெள்ளந்தியாக இருந்திருக்கிறோம்.

எங்கள் ஊர் வழக்கம் வேறு. தேர்தலுக்கு முன்னால் கோயிலில் ஊர் கூடும். ஊர் என்றால் வீட்டுக்கு ஒரு ஆண். யார் நிற்பது என்று அங்கே பேசி முடிவு செய்து, கற்பூரம் ஏற்றி, அதன் மேல் அடித்துச் சத்தியம் செய்வார்கள். அதற்குப் பிறகு வேறு யாரும் போட்டிக்கு நிற்கக் கூடாது. பெண்கள் மதிலுக்கு வெளியே நின்று கேட்டுக்கொள்ளலாம். நாங்களும் அப்படி நின்றுதான் கேட்டோம். பெண்கள் வார்டுக்குப் பழைய மெம்பரின் மனைவி என்று முடிவானது. அந்த அம்மாவும் எங்களோடு வெளியேதான் நின்றிருந்தார். "எனக்கே இப்பத்தான் தெரியுது" என்று சொல்லி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்து அக்காவின் வீட்டுக்காரரை எழுப்பி நிறுத்தினார்கள்.

"ஏம்பா, உன் சம்சாரம் மனு போட்டுக்குதாமே. வாபஸ் வாங்கச் சொல்லு. இல்லன்னா உன் பொண்ணு கல்யாணத்துக்கு ஊர் வராது. பாத்துக்க."

மகளுக்குத் தை மாதம் கல்யாணம் வைத்திருந்தார்கள். எங்கள் பக்கத்தில் பெண் வீட்டுத் தாம்பூலத்தை ஊர்ப் பெரியவர்கள்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும். அவர்கள் வராவிட்டால் மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போய்விடுவார்கள். அந்த மனிதர் போய்க் கற்பூரத்தின் மேல் அடித்தார். அவருக்குப் பின்னால் என் வீட்டுக்காரரும் போய் அடித்தார். மதிலுக்கு இந்தப் பக்கம் நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே போய்க் கத்தலாம் போலிருந்தது. கத்தினால் நின்றுபோவது என் வீட்டுக் கல்யாணமா? அந்தப் பெண்ணின் கல்யாணம் அல்லவா?

வாபஸ் வாங்கக் கடைசி நாள் அன்றும் வேலைக்குப் போனோம். அக்கா ஜெயில் கதவு படம் போட்ட துண்டுகளுக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். மதியத்துக்கு முன்னால் மிஷினை நிறுத்தி, "என்கூட வாடி" என்றாள். பெர்மிஷன் சொல்லிவிட்டுக் கிளம்பினோம்.

பஸ்ஸில், "போகாம இருந்துட்டா இன்னாக்கா?" என்று கேட்டுப் பார்த்தேன்.

"நானும் நெனச்சேன். பஸ் லேட்டாயிடுச்சுன்னு சொல்லிடலாம்னு கூட நெனச்சேன். காலைல நான் கெளம்பும்போது எம்பொண்ணு வாசல் வரைக்கும் வந்தா. ஒண்ணும் கேக்கல. என் மூஞ்சியவே பாத்துனு நின்னா."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு பக்கமும் பாத்திகள் மழைத்தண்ணீர் நிறைந்து கிடந்தன. பஞ்சாயத்து ஆபீசில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்து, "வா, வூட்டுக்குப் போலாம்" என்றாள். அவள் அழுதிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

ஓட்டுப்போடும் நாளில் பள்ளிக்கூடத்தில் பெரிய வரிசை. அக்கா எனக்கு முன்னால் நின்றாள். விரலில் மை வைத்துக்கொண்டு சீட்டுகளை வாங்கினாள். எண்ணிப் பார்த்தாள்.

"மூணுதான் இருக்குது சார். நாலு குடுக்கணுமே?"

"உங்க வார்டு மெம்பர் போட்டியில்லாம ஜெயிச்சிட்டாங்கம்மா. அந்தச் சீட்டு கெடையாது."

அக்கா நகரவில்லை. குரலைத் தாழ்த்தி, "போட்டி இருந்திருந்தா எனக்கு இன்னா சின்னம் சார் குடுத்திருப்பீங்க?" என்று கேட்டாள்.

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "போட்டியே இல்ல, அப்புறம் ஏதும்மா சின்னம்? நகருங்க, அடுத்தவங்க வரட்டும்."

அடுத்தவள் நான்தான். விரலை நீட்டினேன். மூன்று சீட்டைக் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன்.