படிவத்தில் ஏறாத பாதை

தொண்ணூறுகளில், வெளிநாட்டுக் கடனில் திருத்தவிருந்த வீதிகளைப் பதியும் அதிகாரியாகக் மலையகத்தில் கந்தப்பளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றுக்குப் போயிருந்தேன். அங்கேதான் அந்தத் தொழிலாளியைச் சந்தித்தேன். ஒல்லியான மனிதர். தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் யாருக்காவது நோய் முற்றினால், நாற்காலியில் கம்பு கட்டி உட்காரவைத்து, இன்னொருவரோடு சேர்ந்து மெயின் ரோட்டுவரை சுமந்து வருவார். காய்ப்பேறிய வலது தோளைப் பேசும்போதும் தடவிக்கொண்டே இருப்பார்.

"லயத்துப் பாதையையும் எழுதிக்குங்க ஐயா. மழை பேஞ்சா கால் வைக்க முடியாது," என்றார்.

"அது தோட்டத்துப் பாதை. அரசாங்க வீதிக்குத்தான் காசு வரும்," என்றேன்.

"அப்ப நாங்க நடக்கிறது ரோட்டு இல்லீங்களா?"

படிவத்தின் கடைசியில் பரிந்துரைக்கென்று ஒரு கட்டம் இருந்தது. அந்தப் பாதையை அங்கே எழுதினால் மேலிடத்தில் கேள்வி கேட்பார்கள் என்று பயந்து அதை வெறுமையாக விட்டேன்.

இரண்டு வருடம் கழித்துப் புதிய தார் வீதியைப் பார்வையிடப் போனேன். முழங்கால்வரை சேற்றோடு, பிரசவ வலியில் துடித்த ஒரு பெண்ணை அவர் வீதியோரம் இறக்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"நல்ல ரோட்டுங்க ஐயா. இதுவரைக்கும் வந்துட்டா பயமில்ல."

அவளை என் ஜீப்பில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியெல்லாம் அவர் எனக்கு நன்றி சொல்லிக்கொண்டே வந்தார். என்னை ஒரு வார்த்தை ஏசியிருக்கலாம்.