சேலத்துக்கும் பாண்டிச்சேரிக்கும் நடுவில்

அப்பா இறந்த மறுநாள் காலை, சேலம் விமான நிலைய வாசலில் காரோடு காத்திருந்தேன். ஹைதராபாத்திலிருந்து என் தங்கை வரவேண்டும். கல்வராயன் மலைமேல் கரியாலூரைச் சேர்ந்த பழங்குடிக்காரர் ஒருவரை அவள் கல்யாணம் செய்துகொண்டபோது, இனி வீட்டுப்படி ஏறக் கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். ஆறு வருஷமாக அவளும் எங்கள் ஊரான மணலூர்பேட்டைப் பக்கமே வரவில்லை.

மேகம் தாழ இறங்கியிருந்தது. தலைக்கு மேலே இரண்டு முறை விமானச் சத்தம் கேட்டது. விமானம் கண்ணில் படவேயில்லை. பெங்களூருக்குத் திருப்பிவிட்டார்கள் என்று உள்ளே விசாரித்து வந்த ஒருவர் சொன்னார்.

ஒரு மணி நேரம் கழித்துத் தங்கை போன் செய்தாள்.

"மத்தியானம் பாண்டிச்சேரிக்கு ஒரு பிளேன் இருக்குண்ணா. சீட்டு கெடச்சிது."

"எறங்கி டாக்சி புடிச்சி நேரா வூட்டுக்கு வந்துடு. நானும் வந்துடறேன்."

"தனியா அந்த வூட்டுக்குள்ள போக மாட்டேன். நீ வந்து கூட்டிக்கினு போனா வரேன். இல்லன்னா இப்டியே திரும்பிடறேன்."

போனில் வழியைப் பார்த்தேன். இரண்டு விமான நிலையங்களுக்கும் நடுவே நாலரை மணி நேரம் காட்டியது. பறந்தால் அரை மணிதான் ஆகும்போல. ஆனால் அந்த இரண்டு ஊருக்கும் நடுவே விமானம் கிடையாது. பாதி வழியில், எங்கள் வீட்டுக் கூடத்தில், அப்பா ஐஸ் பெட்டியில் கிடந்தார்.

சின்னசேலம் தாண்டும்போது பெரியப்பா கூப்பிட்டார். இடப்பக்கம் கல்வராயன் மலை மேகத்துக்குள் கிடந்தது.

"எங்கடா இருக்க? பொழுது சாயறதுக்குள்ள எடுக்கணும்."

"வந்துக்கினு இருக்கேன் பெரியப்பா. அவளை இட்டுக்கினு வரணும்."

"அவளுக்காகல்லாம் காத்துக்கினு இருக்க முடியாது."

நான் ஒரே மகன். நான் வராமல் எடுக்க முடியாது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதற்காகப் பெருமைப்பட முடியவில்லை.

தியாகதுருகத்தில் எங்கள் ஊருக்குத் திரும்பும் சாலை வந்தது. வேகத்தைக் குறைத்தேன். பின்னால் வந்த லாரிக்காரர் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார். நேராகப் போய்விட்டேன். அதன்பிறகு ஒவ்வொரு கிலோமீட்டரும் வீட்டிலிருந்து விலகிப் போவதாகவே இருந்தது. போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை.

பாண்டிச்சேரியில் ஒரு பையோடு வெளியே நின்றிருந்தாள். திருக்கோவிலூர் வரும்வரை பையை மடியில் வைத்தபடி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

வீட்டை அடைந்தபோது வெளிச்சம் கொஞ்சம் மிச்சமிருந்தது. பெரியப்பா அவளைப் பார்க்கவில்லை. என்னிடம் மட்டும், "போய்க் குளிச்சிட்டு வா" என்றார். சித்திதான் அவள் கையைப் பிடித்து இழுத்துப்போய், உள்ளங்கையில் அரிசியை வைத்தாள். அவள் அதை அப்பாவின் வாயருகே போட்டாள். அழவில்லை.

ஆற்றங்கரையில் கொள்ளி வைத்துவிட்டு, ஈர வேட்டியோடு திரும்பினேன். தங்கை காருக்குள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"கெளம்பலாமாண்ணா?"

"இன்னிக்கு எந்தப் பிளேனும் இல்லம்மா. காரியம் முடியறவரைக்கும் நானும் எங்கியும் போகக் கூடாது."

"உள்ள இருக்க முடியல. எல்லாரும் என்னையே பாக்கறாங்க."

கதவைத் திறந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். கண்ணாடியை இறக்கச் சொல்லவில்லை.