எடை மிஷினும் என் இஞ்ச் டேப்பும்

எடை மிஷின் பக்கத்தில் நர்ஸாக நிற்கிற என்னைப் பார்த்துச் சிரித்தவர் காரைக்குடியில் யாரும் கிடையாது. செருப்பைக் கழற்றி, சாவிக்கொத்தை எடுத்து வைத்து, குலசாமியை வேண்டிக்கொண்டு நீங்களும் ஏறியவர்தானே? முள் அதிகம் போனால், "எடையைக் குறைங்க." போகாவிட்டால், "ஒண்ணுமில்ல, போங்க." எங்கள் கிளினிக்கில் அவ்வளவுதான் வைத்தியம்.

மூச்சு

கல்யாண வீடுகளில் சமைக்கிற மீனாள் அக்கா மூச்சு வாங்குகிறது என்று வந்தார். டாக்டர் எடையைப் பார்த்தார். "சாப்பாட்டைக் குறைங்க" என்று அனுப்பிவிட்டார். அக்கா அப்புறம் வரவே இல்லை. அன்று அவர் போகும்போது சொன்னதைக் கேட்டு எங்கள் வைத்தியத்தின் மேலேயே எனக்கு ஆத்திரமாக வந்தது. எடையை மட்டும் பார்த்தால் போதாது, இடுப்பையாவது அளக்கலாம் என்று மறுநாளே ஓர் இஞ்ச் டேப் வாங்கிவிட்டேன். அவர் சொன்னது இதுதான்:

"மூச்சு வாங்குதுன்னுதான் தாயி வந்தேன். எடையைப் பாத்தீக, மூச்சை யாரும் பாக்கலையே!"

பேண்ட் சைஸ்

டேப்பைப் பார்த்ததும் டாக்டர், "இதென்ன தையல் கடையா?" என்றார். நான் விடவில்லை. நாட்டரசன்கோட்டையிலிருந்து ஒரு கிளார்க் வந்தார். கையும் காலும் குச்சி, எடை சரி. "இடுப்பு முப்பத்திரண்டு, பேண்ட் சைஸே அதுதான்" என்றார். பேண்ட் தொப்பைக்குக் கீழே கிடந்தது. தொப்புளுக்கு நேரே டேப்பைச் சுற்றினால் மூச்சைப் பிடித்துத் தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டார். மத்தியானம் என்ன சாப்பாடு என்று கேட்டேன். பதில் சொல்ல வாயைத் திறந்ததும் தொப்பை வெளியே வந்தது. ரத்தத்தில் சர்க்கரையும் அதிகமாக இருந்தது. அன்றிலிருந்து எல்லாருக்கும் டேப் வைக்க டாக்டர் சம்மதித்தார். கிளார்க்குக்குத்தான் வெட்கம்:

"வேணும்னு இழுக்கல சிஸ்டர். போட்டோ எடுத்து எடுத்துப் பழகிப்போச்சு!"

கண்டரமாணிக்கத்துக்காரர்

வயல் வேலை செய்கிற பெண். எடையும் அதிகம், இடுப்பும் அதிகம். ஆனால் சர்க்கரை, பிரஷர், மூச்சு, முட்டி எதிலும் கோளாறு இல்லை. "இப்போதைக்கு நோய் இல்லை, வருஷம் ஒருதரம் வந்து காட்டுங்க" என்றார் டாக்டர். அந்த அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு:

"அப்ப நான் குண்டுதான், நோயாளி இல்ல. இதைக் கொஞ்சம் எங்க வீட்டுக்காரர்கிட்டயும் சொல்லிவிடுங்க!"

மோர்

ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, சமையல் யாரென்று தெரிந்ததும் நேரே சமையல்கட்டுக்குள் நுழைந்தேன். மீனாள் அக்கா கவிழ்த்த அண்டாமேல் உட்கார்ந்து மூச்சிரைத்துக்கொண்டிருந்தார். "படுத்தா மூச்சு முட்டுதாக்கா?" என்றேன். "உக்காந்தேதான் தூங்குறேன்" என்றார். வரமாட்டேன் என்றவரை மறுநாள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

இந்த முறை டாக்டர் மூச்சு, தூக்கம், இதயம் எல்லாம் பார்த்தார். "உடம்புக் கனம் மூச்சையும் இதயத்தையும் அழுத்துது. இது உங்க தப்பில்லம்மா, நோய். சர்க்கரைக்குப் பாக்குற மாதிரி தொடர்ந்து வைத்தியம் பாக்கணும்" என்றார். அக்கா அழுதுவிட்டார். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

"சாப்பாட்டைக் குறை, குறைன்னே சொன்னீக. ஊருக்கெல்லாம் ஆக்கிப் போட்டுட்டு, நான் ஒரு தம்ளர் மோரோட படுத்தேனே, அதை யாரு கேட்டீக?"

எடை மிஷின் இன்னமும் வாசலில்தான் நிற்கிறது. தீர்ப்புச் சொல்கிற வேலையை மட்டும் அதனிடமிருந்து பிடுங்கிவிட்டேன்.