பூட்டுப் போட்ட தெர்மோஸ்டாட்

எனக்குக் கோபம் வந்தால் வாய்க்குக் கதவு இல்லை. வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். அந்தக் குளிர்காலத்தில் அதை முழுதாக வாங்கிக் கட்டிக்கொண்டவர் என் மச்சாள், கணவரின் அக்கா.

இருபது வருடத்துக்கு மேல் ஜெர்மனியில் இருந்தவர். கணவர் இறந்தபின், தம்பியோடு இருக்கலாம் என்று லண்டன் ரெய்னர்ஸ் லேனுக்கு எங்களிடம் வந்தார். மாடியில் பின்பக்கச் சின்ன அறையைக் கொடுத்தோம். எத்தனை நாளைக்கோ என்று மனத்துக்குள் முணுமுணுத்துக்கொண்டுதான் கொடுத்தேன், அதையும் சொல்லிவிட வேண்டும்.

எங்கள் சாமித் தட்டு, வாசலை ஒட்டிய நடைவழியில், ஹோல் சுவரில் இருக்கிறது. முன் அறையில் டிவி, அடுப்படியில் மீன் மணம். சாமிக்கு மிஞ்சியது அந்த இடம்தான். வேறு ஊரில் வேலை பார்க்கும் மகளுக்குக் கல்யாணம் சரிவர வேண்டும் என்று அந்த நவம்பரில் ஒரு நேர்த்தி வைத்தேன். ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், ஐந்து திரி விளக்கு அணையாமல் எரிய வேண்டும். விளக்குக்கு நேர் மேலே, சுவரில், வீட்டு ஹீட்டிங்கைக் கூட்டிக் குறைக்கும் தெர்மோஸ்டாட் இருந்தது. அதை நான் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை.

விளக்கேற்றி ஒரு வாரத்தில் மச்சாள் குளிருது என்று சொல்லத் தொடங்கினார். நான் ஹோலுக்குப் போய்ப் பார்த்தால் தெர்மோஸ்டாட் இருபத்துமூன்று டிகிரி காட்டும். நாங்கள் வைத்திருந்ததோ இருபது. பிறகென்ன குளிர்? பகல் முழுக்க நான் அடுப்படியில், என் கணவர் வேலையில். இரவு மாடிக்குப் போனதும் தடித்த போர்வைக்குள் புகுந்துவிடுவோம். எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை.

மச்சாள் சத்தமில்லாமல் வந்து இருபத்தாறுக்குத் திருகிவிட்டுப் போவார். ரேடியேட்டர்களுக்குச் சுடுதண்ணீர் அனுப்பும் பொயிலர் இரையும். நான் வந்து குறைப்பேன். மூன்றாம் தரம் எனக்குப் பொறுக்கவில்லை. பள்ளிக்கூடங்களில் தெர்மோஸ்டாட்டுக்கு மேலே போட்டிருப்பார்களே, பூட்டு வைத்த பிளாஸ்டிக் பெட்டி, அதை வாங்கிப் பூட்டித் திறப்பைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.

"ஜெர்மன் குளிருக்குள்ள இருந்தனீங்கள். இஞ்ச இருபத்துமூண்டில குளிருது எண்டு ஆரைப் பேய்க்காட்டுறியள்?" என்று முகத்துக்கு நேரே கேட்டேன்.

இரண்டு நாள் கழித்து, நான் விளக்குக்கு எண்ணெய் விடும்போது பக்கத்தில் வந்து நின்றார். "பிள்ளை, இதைக் கொஞ்சம் அங்கால தள்ளி வைப்பமோ? இந்தச் சூடு நேரா மேல ஏறுது போல கிடக்கு" என்று விளக்கடியில் கையை நீட்டினார்.

"கையை எடுங்கோ. நல்ல காரியத்துக்கு ஏத்தின விளக்கு. நீங்கள் தொடக்கூடாது."

ஏன் தொடக்கூடாது என்று நான் சொல்லவில்லை. கணவனை இழந்தவரிடம் அதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. அவர் கையை மெல்ல எடுத்தார். "ஓம், சரி" என்று மேலே போனார். அடுத்த கிழமை, ஜெர்மனியில் பழகிய சினேகிதி ஒருவரின் வீட்டில் அறை இருக்கிறது என்று லண்டனின் மறுகோடியில் இருக்கும் சட்டனுக்குப் போய்விட்டார். நான் தடுக்கவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது.

அவர் போனபின் ஒரு மத்தியானம் அந்த அறையைத் துப்புரவாக்கப் போனேன். அரை மணித்தியாலத்தில் விரல்கள் விறைத்துவிட்டன. அறையைச் சூடாக்க வேண்டிய ரேடியேட்டரைத் தொட்டால் பச்சைத் தண்ணீர் போல இருந்தது. அதில் அடைத்திருந்த காற்றைத் திறந்து விட்டேன், சூடு வரவில்லை. தெர்மோஸ்டாட்டின் பெட்டியைத் திறந்து பாட்டரியை மாற்றினேன். மறுபடியும் இருபத்துமூன்றே காட்டியது. பொயிலர் பழுது என்று முடிவுகட்டி, வெம்பிளியில் ஹீட்டிங் வேலை செய்யும் ஒருவரைக் கூப்பிட்டேன்.

அவர் தன் சின்ன வெப்பமானியை அந்த அறையில் வைத்தார். பதினான்கு. கீழே வந்து, விளக்குக்கும் தெர்மோஸ்டாட்டுக்கும் நடுவே உள்ளங்கையைப் பிடித்துவிட்டுச் சிரித்தார்.

"அக்கா, இந்தச் சாமானுக்குத் தான் இருக்கிற இடத்துச் சூடு மட்டும்தான் தெரியும். கீழ ஐஞ்சு திரி எரியுது. இவர் வீடு முழுக்கச் சூடு எண்டு நினைச்சு பொயிலரை நிப்பாட்டிப்போடுறார். ஒரு பழுதும் இல்லை. விளக்கை மாத்தி வையுங்கோ, காணும்."

மண்டலம் முடியாத விளக்கை என் கையாலேயே தூக்கி மற்றப் பக்கம் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் தெர்மோஸ்டாட்டின் எண் பதினேழுக்கு இறங்கியது. பொயிலர் தானாக இரைந்தது. எனக்கு வெட்கத்தில் அழுகை வந்துவிட்டது. மச்சாள் இதைத்தானே சொன்னார்? சரியாகச் சொன்னவரைக் குளிரில் போட்டது ஒரு பாவம். ஆனால் அந்த விளக்கடியில் நான் சொன்னதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

ஞாயிற்றுக்கிழமை வடை சுட்டு எடுத்துக்கொண்டு சட்டனுக்குப் போனேன். ரயில் மாறி மாறிப் போன வழியெல்லாம் ஒரே வசனத்தைப் பாடமாக்கினேன். 'நான் அண்டைக்குச் சொன்னது பெரிய பிழை, மன்னிச்சுக்கொள்ளுங்கோ.' மச்சாள் முகம் மலர்ந்து கதவைத் திறந்தார், தேத்தண்ணி ஊற்றினார், தம்பியின் சுகம் கேட்டார். நான் வாயைத் திறந்தேன்.

"மச்சாள், அந்தத் தெர்மோஸ்டாட் பழுதாப் போச்சுதாம்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது என்பது எனக்கும் விளங்கியது.

"பழைய சாமான்தானே. மாத்திப் போட்டீரோ?"

"ஓம், புதுசு போட்டாச்சு."

ஊருக்கெல்லாம் நியாயம் பேசுகிற என் வாய், ஒரு மன்னிப்புக்கு மட்டும் திறக்கவில்லை. பிறகு அங்கே இருக்கவும் முடியாமல் எழுந்தேன். மச்சாள் வாசல்வரை வந்தார்.

"மகளின்ர கல்யாணம் சரிவந்தால் சொல்லும் பிள்ளை. நான் இஞ்ச இருந்தே கும்பிடுறன்."

நீங்கள் வராமல் என்ன கல்யாணம் என்று அவர் கையைப் பிடித்திருக்க வேண்டும். நான் "ஓம்" என்றேன்.